ஏழு மணித்தியாலக் கதவு

எஸ்டிமேட் எழுதப் பழக வந்திருக்கிறீர்கள், பிள்ளைகளே. கையில் ஒரு பேனை, ஒரு ஃபைல், ஒரு கைப்பேசி. அடிபட்ட வாகனத்தை ஒருமுறை சுற்றி வந்து எத்தனை மணித்தியாலம் என்று எழுதச் சொல்லியிருப்பார்கள். அந்த இலக்கத்தைப் பற்றித்தான் உங்களோடு கதைக்கப்போகிறேன். அதைவிட எனக்கு வேறு எதுவும் உருப்படியாகத் தெரியாது. ஐம்பத்து மூன்று வயதில் வெள்ளவத்தைக் கராஜை இன்னொருவருக்குக் கைமாற்றிவிட்டு வீட்டில் இருக்கிறேன். பெயின்ற் புகை நெஞ்சில் இறங்கிவிட்டது, இனி அந்தப் பக்கம் போகாதீர்கள் என்றார் டொக்டர். போவதில்லை. ஆனால் காலி வீதியில் நடக்கும்போது நிறுத்தியிருக்கும் கார்களின் கதவுகளை என் கண் இன்னமும் தடவிக்கொண்டேதான் போகிறது.

முதலில் தொழிலின் உள்வீட்டு விஷயம். காப்புறுதிக் கம்பனியின் பட்டியலில் இருக்கிற கராஜுக்கு லேபர் ரேட்டைக் கம்பனிதான் வைக்கும். ஒரு மணித்தியாலத்துக்கு இவ்வளவு, கூட்டவும் ஏலாது, குறைக்கவும் ஏலாது. பார்ட்ஸுக்குக் கடை பில் இருக்கிறது. பெயின்றுக்கும் பில் இருக்கிறது. அப்படியென்றால் பக்கத்துக் கராஜை வெல்ல நமக்கு மிஞ்சுவது என்ன? மணித்தியாலம். அதை மட்டும்தான் வெட்டலாம். ஆறு மணித்தியால வேலையை ஐந்து என்று எழுதலாம். ஐந்தை அவன் எழுதினால் நான் நாலு எழுதலாம். பேனைக்கு வலிக்காது.

வலிக்கிற இடம் வேறு. நம்முடைய கராஜ்களில், நசுங்கிய தகரத்தைத் தட்டி நிமிர்த்துகிற டிங்கர் பாஸுக்கு மாதச் சம்பளம் குறைவு. லேபரில் பாதி அவருக்கு என்பதுதான் ஏற்பாடு. நான் வெட்டுகிற ஒவ்வொரு மணித்தியாலமும் அவருடைய கையிலிருந்துதான் போகிறது. அவர் என்ன செய்வார்? வீட்டில் அடுப்பு எரியவேண்டும். நாலு மணித்தியாலத்துக்குக் காசு வந்தால் நாலு மணித்தியாலம்தான் தட்டுவார். மிச்சப் பள்ளத்தைப் பட்டிப் பசை வைத்து மூடுவார். மேலே பெயின்ற் அடித்தால் கண்ணாடி மாதிரி இருக்கும். இரண்டு மழை போக வெடிக்கும்.

இதெல்லாம் எனக்கு முதலே தெரியும். தெரிந்துகொண்டேதான் எழுதினேன். இருபது வருடம்.

இன்னுமொரு வழக்கம் இருந்தது. இப்போதும் இருக்கிறதா என்று நீங்கள்தான் சொல்லவேண்டும். கம்பனிகள் ஒரு வாகனத்துக்கு இரண்டு, மூன்று கொட்டேஷன் கேட்கும். வாடிக்கையாளருக்கு வெயிலில் அலைய விருப்பமில்லை. அதனால் தூரத்தூர இருக்கிற இரண்டு கராஜ்காரர்கள் தங்களுக்குள் லெட்டர்ஹெட் தாள்களை மாற்றி வைத்துக்கொள்வார்கள். கையெழுத்து வைத்து, சீல் குத்தி, நடுவில் வெறுமையாக. என்னிடம் வருகிற வாகனத்துக்கு என் விலையை என் தாளில் எழுதுவேன். அவருடைய தாளில் கூடிய விலை ஒன்றை எழுதி இணைத்துவிடுவேன். கம்பனி என்னைத் தெரிவுசெய்யும். அவரிடம் போகிற வாகனத்துக்கு அவர் அதையே எனக்குச் செய்வார். பிழைதான். எல்லாரும் செய்த பிழை. அதற்கும் ஒரு ஒழுங்கு இருந்தது: மற்றவரின் தாளைத் தொடமுதல் அவருக்கு ஒரு ரெலிபோன் கோல் எடுக்கவேண்டும்.

எனக்கு அப்படி மாற்றுத் தாள் தந்தவர் கொட்டாஞ்சேனையில் கராஜ் வைத்திருந்தவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். முஸ்லிம் ஆட்கள் அண்ணனைச் சொல்வதுபோல நான் நானா என்று கூப்பிடுவேன், அவர் என்னைத் தம்பி என்பார். எட்டுப் பேர் அவரிடம் வேலை செய்தார்கள். எங்கள் இரண்டு பேரின் கராஜும் ஒரே கம்பனியின் பட்டியலில்தான் இருந்தன. பெற்றோல் வரிசைக் காலம் முடிந்து, இறக்குமதி இல்லாமல் பெயின்ற் விலை ஏறி ஏறி நின்ற நேரம். கையில் காசுள்ளவர்கள்கூட நசுங்கிய கதவோடு ஓடித் திரிந்தார்கள். பட்டியலில் இருக்கிற கராஜுக்கு மட்டும்தான் ஒழுங்காக வாகனம் வந்தது. பட்டியலில் இல்லை என்றால் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு இருக்கவேண்டியதுதான்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். ஒரு டீச்சர் தன் சின்ன வெள்ளைக் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். வெள்ளவத்தைச் சந்தைக்கு முன்னால் ஒரு முச்சக்கர வண்டி திரும்பி இடித்திருந்தது. இடது முன்கதவு உள்ளுக்குப் போயிருந்தது.

"கொட்டேஷன் ஒண்டு ஏற்கெனவே அனுப்பிட்டன். இன்னும் ஒண்டு வேணுமாம். இண்டைக்கு ரெண்டு மணிக்கு முதல் அனுப்பச் சொல்லினம்" என்றார்.

எங்கே எடுத்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. அந்த ஒரு கேள்வி. கேட்டிருந்தால் இந்தக் கதை இல்லை.

கேட்காமல் என் மனம் கணக்குப் போட்டது. முகம் தெரியாத ஒருவன் ஏற்கெனவே விலை கொடுத்திருக்கிறான், அவனை வெல்லவேண்டும். என் தாளில் கதவுக்கு நாலு மணித்தியாலம் என்று எழுதினேன். அது போதுமா? நாலு குறைவாகத் தெரிய வேண்டுமென்றால் பக்கத்தில் ஒரு பெரிய இலக்கம் நிற்கவேண்டும். டீச்சர் கேட்டது ஒன்று. நான் இரண்டு கொடுக்க நினைத்தேன். மேசை லாச்சியைத் திறந்து நானாவின் தாளில் ஒன்றை எடுத்தேன்.

கோல் எடுக்கப் போனேன். மணி பன்னிரண்டே முக்கால். ஜும்ஆத் தொழுகைக்குப் பள்ளிவாசலில் இருப்பார். அரை மணித்தியாலம் பொறுத்தால் வெளியே வந்துவிடுவார். அரை மணித்தியாலம். டீச்சர் வாசலில் நின்று மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுதிவிட்டேன்.

என்ன எழுதினேன் என்பதைக் கவனமாகக் கேளுங்கள். நானாவின் தாளில் எழுதும்போது என் கை வேறு மாதிரி ஓடியது. கதவைத் திறந்து பார்த்தேன். உள் ஓரம் மடிந்திருந்தது. கீல் இழுத்திருந்தது. கண்ணாடி இறங்கும் வழி வளைந்திருந்தது. ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு நேரம் போகுமோ அவ்வளவையும் எழுதினேன். ஏழு மணித்தியாலம். தோற்கவேண்டிய தாள் அது, அதனால் எனக்குப் பயம் இல்லை. பயமில்லாமல் எழுதியபோது உண்மை வந்துவிட்டது.

இரண்டு தாளையும் டீச்சரிடம் காட்டாமல் நானே கம்பனிக்கு அனுப்பினேன். அந்த வேலை எனக்குக் கிடைத்தது.

பத்து நாள் கழித்து, சேதத்தை மதிப்பிடுகிற கம்பனியின் அசெசர் வந்தார். நல்ல மனிதர், சிங்களத்தில்தான் கதைப்போம், என்னை அய்யே, அண்ணன், என்பார். தேநீர் கொடுத்தேன். குடித்துக்கொண்டே சொன்னார்: "கொட்டாஞ்சேனைக் கராஜைப் பட்டியலிலிருந்து ஒரு வருடத்துக்கு எடுத்தாயிற்று, அய்யே. ஒரே கார், ஒரே கதவு. முதல் நாள் ஐந்து மணித்தியாலம் என்று ஒரு தாள். அடுத்த நாள் ஏழு என்று இன்னொரு தாள். இரண்டிலும் அவர் சீல். எது உங்களுடையது என்று கேட்டோம். இரண்டுமே என்னுடையதுதான் என்றார்."

டீச்சரின் அண்ணன் வீடு கொட்டாஞ்சேனையில். அங்கே போனபோது நானாவிடம் காட்டியிருக்கிறார். நான் வெல்ல நினைத்த முகம் தெரியாத ஆள் நானாதான். அவருடைய தாளாலேயே அவரை அடித்திருக்கிறேன்.

அந்த இடத்தில் நான் ஒரு வசனம் சொல்லியிருக்கலாம். ஏழு என்று எழுதியது நான். அவ்வளவுதான். கொம்பிரசர் ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் என் ஆட்கள் பதினொரு பேர். அசெசரின் கையில் தேநீர்க் கிளாஸ். அவர் சொன்னார், "அந்தப் பக்கத்து வாகனங்களையும் இனி உங்களுக்குத்தான் அனுப்பவேண்டி வரும்."

நான் கேட்டேன், "எத்தனை வரும்?"

என் வாயிலிருந்து வந்தது அதுதான். உங்களுக்குச் சொல்லவே கூசுகிறது.

வாகனங்கள் வந்தன. கொட்டாஞ்சேனையிலிருந்தும் முகத்துவாரத்திலிருந்தும் வந்தன. நானாவுக்குப் போகவேண்டிய மட்காட்கள், பம்பர்கள், கதவுகள். இரண்டு மாதம். நான் அவருக்குக் கோல் எடுக்கவில்லை. அவரும் எடுக்கவில்லை. ஒவ்வொரு காலையும் இன்றைக்குச் சொல்லுவேன் என்று எழும்புவேன். ஒவ்வொரு மாலையும் பதினொரு பேரின் பெயரைச் சொல்லி என்னைச் சமாதானப்படுத்துவேன். அவரிடம் இருந்த எட்டுப் பேரின் பெயர் எனக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பது வசதியாக இருந்தது.

பிறகு ஒருநாள் அந்த எட்டில் ஒருவர் என் வாசலில் வந்து நின்றார். செல்வம், தெமட்டகொடையில் வீடு. நானாவிடம் பத்தொன்பது வருடம் டிங்கர் பாஸாக இருந்தவர். அங்கே வேலை இல்லாததால் வந்திருந்தார். சேர்த்துக்கொண்டேன். எடுக்காமல் விட்டிருந்தால் இன்னும் வெட்கமாக இருந்திருக்கும்.

முதல் கிழமையிலேயே ஒரு கதவு. என் எஸ்டிமேட் தாளை எடுத்துப் பார்த்துவிட்டு ஒஃபிஸுக்குள் வந்தார்.

"அண்ணே, நாலு மணித்தியாலம்னு போட்டிருக்கீங்க."

"ஓம். ஏன்?"

"நாலு மணித்தியாலத்துல கதவத் தட்டலாம்ணே. நிமித்த முடியாது."

"எல்லா இடமும் நாலுதான் போடுறாங்கள், செல்வம்."

"எல்லா இடமும் பட்டிதான் வைக்கிறாங்க." சிரித்தார். சிரித்துவிட்டு, கதவில் சாய்ந்துகொண்டு தொடர்ந்தார். "எங்க கராஜப் பட்டியல்ல இருந்து தூக்க வச்ச தாள் ஒண்ணு இருக்குல்ல, கம்பனி குடுத்த அதோட கொப்பிய நானா எங்களுக்குக் காட்டினாரு. எவன் எழுதுனான்னு சொல்லல. கதவுக்கு ஏழு மணித்தியாலம் போட்டிருந்துச்சு. உள் ஓரத்துக்கு ஒண்ணரை. கீலுக்குத் தனியா. நாங்க எட்டுப் பேரும் பாத்துக்கிட்டே நின்னோம்ணே. எங்க வேலைய முழுசா எழுதுன தாள அன்னைக்குத்தான் மொத மொதப் பாத்தோம். எழுதுனவன் யாரோ, அவனுக்கு வேலை தெரியும்."

போய் வேலையைத் தொடங்கிவிட்டார். எனக்கு அவருடைய சுத்தியல் சத்தம் கேட்டது. சட்டையை மாற்றாமல் வெளியே வந்து பஸ் ஏறினேன்.

கொட்டாஞ்சேனையில் நானாவின் கராஜில் ஒரு முச்சக்கர வண்டி மட்டும் நின்றது. அவரே குந்தி இருந்து அதன் மட்காட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார். முதலாளி தேய்ப்புத் தாள் பிடித்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"வாங்க தம்பி. இரிங்க. அந்தக் கதிரையில தூசி ஈக்கி, தொடச்சிட்டு இரிங்க."

நான் இருக்கவில்லை. நின்றபடியே சொன்னேன். முழுவதையும். ஜும்ஆ நேரம், அரை மணித்தியாலம், டீச்சர், தாள், அசெசருக்குக் கொடுத்த தேநீர், நான் கேட்ட கேள்வி. அவர் தேய்ப்பதை நிறுத்தாமல் கேட்டார்.

"தெரியும் தம்பி. ஓங்கட எழுத்து எனக்குத் தெரியாதா? ஏழுக்கு நடுவுல கோடு போடுற ஆள் நீங்க."

"அப்ப ஏன் நானா சொல்லேல்லை? அது நான் எண்டு சொல்லியிருக்கலாமே."

"சென்னா?" இப்போதுதான் கையை நிறுத்தினார். "வெத்துத் தாள்ல கையெழுத்து வச்சுக் குடுத்தது நான்தானே. ஓங்களக் காட்டிக் குடுத்துட்டு நான் எந்த மொகத்தோட தப்பிக்கிற? நீங்களா வந்து செல்லுவீங்கண்டு இருந்தேன். ஒரு கிழமை பாத்தேன். ஒரு மாசம் பாத்தேன். பொறவு பாக்கல்ல."

ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தப் 'பொறவு பாக்கல்ல' என்பது இன்னும் காதுக்குள் இருக்கிறது.

அடுத்த நாள் கம்பனிக்குப் போனேன். அந்தப் பிரிவுக்குப் பொறுப்பான அதிகாரி ஒரு பெண். மூன்று தாளையும் மேசையில் வரிசையாக வைத்தார். நாலு, ஐந்து, ஏழு. ஏழு என்று எழுதியது நான் என்று சொன்னேன். அவர் எதிர்பாராத ஒன்றைக் கேட்டார்.

"மூன்றில் எது சரியான மணித்தியாலம்?"

நாலு என்று சொன்னால் என் தாள் தப்பிக்கும். ஐந்து என்றால் நானாவுடையது தப்பிக்கும். இரண்டும் பொய்.

"ஏழு" என்றேன்.

"நீங்கள் கள்ளமாக எழுதினது?"

"ஓம்."

"அப்படியென்றால் உங்கள் சொந்தத் தாள்?"

"வெல்லுறதுக்காக எழுதினது."

"கொட்டாஞ்சேனைக்காரர் எழுதின ஐந்து?"

"என்னைப்போல ஆட்களுக்குப் பயந்து எழுதினது."

அவர் அதைக் குறித்துக்கொண்டார். இரண்டு கிழமையில் கடிதங்கள் வந்தன. என்னைப் பட்டியலிலிருந்து நிரந்தரமாக எடுத்துவிட்டார்கள். நானாவின் ஒரு வருடத் தடை அப்படியே இருக்கும் என்றார்கள், வெற்றுத் தாளில் சீல் குத்திக் கொடுத்தது அவர்தான் என்ற காரணத்தால். அதாவது நான் சொன்ன உண்மையால் அவருக்கு ஒரு நாள்கூடக் குறையவில்லை. முதல் நாள் தேநீர்க் கிளாஸுக்கு முன்னால் சொல்லியிருந்தால் குறைந்திருக்குமோ? தெரியாது. இரண்டு மாதம் பிந்திய உண்மைக்கு அவ்வளவுதான் வலு.

கடிதத்தோடு மறுபடி கொட்டாஞ்சேனைக்குப் போனேன். நானா வாசித்துவிட்டு மடித்துத் தந்தார்.

"சரி தம்பி. கம்பனிக்குச் சென்னீங்க, எனக்கும் சென்னீங்க. எட்டுப் பேர்ல அஞ்சு பேர் போய்ட்டாங்களே, அவங்கள்ட்ட செல்லிட்டீங்களா?"

"இல்லை."

"அவங்கட கைல ஈந்துதானே எடுத்தீங்க. என்ட கைல ஈந்து இல்லையே." ஒரு துண்டுத் தாளில் ஐந்து பெயரையும் எழுதித் தந்தார். அப்போதுதான் அந்தப் பெயர்கள் எனக்குத் தெரிந்தன.

முதலில் செல்வம், அவர் என் கராஜிலேயே இருந்தார். சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். கையிலிருந்த கதவை முடித்தார். அன்றைக்கு முழு நாளும் போனது. பட்டி ஒரு விரல்நுனிக்குக்கூட எடுக்கவில்லை. அடுத்த நாள் வரவில்லை. திரும்ப நானாவிடம் போய்விட்டார், இருக்கிற கொஞ்ச வேலைக்கு.

இரண்டாமவர் முகத்துவாரத்தில், பெயின்றர், வீட்டுச் சுவர்களுக்கு வெள்ளையடிக்கப் போய்க்கொண்டிருந்தார். "இப்ப வந்து சொல்லி என்ன செய்ய, மாஸ்டர்? குந்துங்க, பிளேன்டீ குடிச்சிட்டுப் போங்க" என்றார். மூன்றாமவரின் மனைவி என்னை உள்ளே விடவில்லை. நியாயம். படியில் நின்று அவரிடமே சொல்லிவிட்டு வந்தேன். நான்காமவர் கொம்பனித்தெருவில் ஒரு உயர்ந்த கட்டடத்துக் கார் தரிப்பிடத்தில் காவல். சீருடையோடு நின்று கேட்டார். கேட்டுவிட்டு, "அந்த ஏழ நீங்களா எழுதுனீங்க?" என்று மட்டும் கேட்டார். ஓம் என்றேன். தலையை ஆட்டினார். ஒரு கார் வந்தது, கதவைத் திறக்கப் போய்விட்டார்.

ஐந்தாமவன் ரிஸ்வான், முப்பது வயது, டிங்கர். கட்டாருக்கு வேலைக்குப் போயிருந்தான். போகும்போது மகள் பிறந்து நாற்பது நாள்கூட ஆகியிருக்கவில்லை என்று நானா சொன்னார். வாட்ஸப்பில் எழுதினேன். நீளமாக எழுதினேன், அழித்தேன், கடைசியில் ஐந்து வரி அனுப்பினேன். பார்த்துவிட்டான் என்று காட்டியது. பதில் வரவில்லை. ஒரு மாதம், இரண்டு மாதம். இதற்கிடையில் என் கராஜும் சுருங்கியது. என் ஆட்களில் ஆறு பேரை அனுப்பவேண்டி வந்தது. அவர்களுக்கு ஏன் என்று சொல்லித்தான் அனுப்பினேன். மிச்சம் இருந்தவர்களோடு, சரியான மணித்தியாலத்தை எழுதி, வருகிறவர் வரட்டும் என்று நெஞ்சு இடம்கொடுத்த வரைக்கும் நடத்தினேன்.

கராஜைக் கைமாற்றிய கிழமையில் ரிஸ்வானிடமிருந்து ஒரு படம் வந்தது. ஏதோ ஒரு ஜீப், பின்கதவு நசுங்கியிருந்தது. கீழே ஒரு வரி: "இதுக்கு எத்தன மணித்தியாலம் போடுவீங்க?"

உங்களுக்கும் இப்போது பல நேரம் வாகனம் அல்ல, இப்படிப் படங்கள்தான் வருகின்றன. படத்தைப் பார்த்தவுடன் இலக்கம் எழுதச் சொல்கிறார்கள். கேட்டேன், பயிற்சியே அப்படியாம்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஐந்து என்று மனம் சொன்னது. அவன் மனம் நிறைய ஒன்பது என்று எழுதலாமா என்றும் நினைத்தேன், அதுவும் ஒரு விதத்தில் ஆளை வெல்லுகிற வேலைதான். எழுதினேன், அழித்தேன். பிறகு இப்படி அனுப்பினேன்:

"தெரியாது தம்பி. கதவைத் திறந்து உள் ஓரத்தைக் கையால தடவிப் பாக்காமச் சொல்லேலாது. நீ பாத்தியா?"

உடனே பதில் வந்தது.

"பாத்தேன். பதினொண்டு. இங்க சூப்பவைசர் ஆறுல முடிக்கச் செல்றார்."

"நீ என்ன சொன்னனீ?"

எழுதிக்கொண்டிருக்கிறான் என்று திரை காட்டியது. நின்றது. திரும்பக் காட்டியது.

"பதினொண்டு எண்டுதான் சென்னேன். நாளைக்கு என்ன நடக்குமோ தெரியா."

பிள்ளைகளே, அந்த இலக்கம் எழுதுகிற கதிரையில்தான் நீங்கள் இருக்கிறீர்கள். ரிஸ்வானுக்கு முன்னால், மேசைக்கு இந்தப் பக்கம்; ஆறா பதினொன்றா என்று எழுதப்போவது உங்கள் பேனை.